ஆலமரத்துக்கு வைத்தியம்

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கோபுரக் கணக்கு மனப்பாடம். ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை, கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பழைய மதில்களிலும் மண்டபங்களிலும் வேர்விட்டு நிற்கும் ஆலஞ்செடி, அரசஞ்செடிகளைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பறவை ஆலம்பழத்தைத் தின்று எச்சமிடுகிறது. விதை சுண்ணாம்புக் காரை வெடிப்பில் விழுந்து மழைக்கு முளைக்கிறது. அங்கே மண் ஏது? கொஞ்சம் தூசி, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். பத்து வருஷமானாலும் முழ உயரத்தைத் தாண்டாமல், ஆனால் அடிப்பாகம் மட்டும் கிழவன் கால் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். எந்தக் கோயிலில் திருப்பணி நடந்தாலும் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று இவற்றை வேரோடு எடுப்பது. விட்டுவைத்தால் கல்லையே பிளந்துவிடும்.

அப்படிச் சுவரிலிருந்து எடுத்த ஒரு செடியைத் தூக்கி எறியாமல், ஆழமில்லாத ஒரு தட்டில் நட்டு, வேரையும் கிளையையும் அளவாக வெட்டி, தினமும் தண்ணீர் விட்டு வளர்த்தால் அதற்குப் பெயர் போன்சாய். ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்றால் தட்டு, ‘சாய்’ என்றால் நடவு. கலை பிறந்த இடம் ஜப்பான் இல்லை, சீனா. அங்கே 706-ஆம் ஆண்டில் எழுப்பிய ஜாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. சிறு கற்களும் குட்டிச் செடிகளும் வைத்த தட்டைப் பணியாளர் ஒருவர் ஏந்தி வருகிறார். தட்டில் மரம் வளர்ப்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அது ஒன்று. பல்லவர்கள் காஞ்சியில் ஆண்ட காலம் அது.

போன்சாய் என்றதும் நம்மவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, வீட்டில் குட்டை மரம் இருந்தால் குடும்பம் வளராது. இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. சொன்னாலும் நம்புகிறவர்கள் நம்பத்தான் போகிறார்கள். இன்னொன்று, மரத்தைப் பட்டினி போட்டுச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது. இது சரியில்லை. மதில்மேல் நிற்கும் செடிதான் பட்டினி கிடக்கிறது. தட்டில் இருப்பதற்கு வேளாவேளைக்குத் தண்ணீரும் உரமும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மதில்மேல் இருக்கும் செடிக்கு யாருடைய தயவும் வேண்டாம். எவ்வளவு கோடை அடித்தாலும் வெடிப்புக்குள் வேரை ஓட்டி எங்கோ ஈரம் தேடிக்கொள்ளும். தட்டு மரத்துக்குத் தேட இடமில்லை. தண்ணீர் ஊற்றுகிற மனிதர் உள்ளவரைதான் அதற்கு உயிர். அந்த மனிதர் படுத்தால் மரமும் படுத்துவிடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. என் நண்பர் ஒருவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். தம்முடைய பழைய வீட்டுப் பின்சுவரை இடித்தபோது அதிலிருந்து எடுத்த ஆலஞ்செடியை முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தட்டில் வளர்த்தார். ஒன்றரை அடி உயரம். இரண்டு விழுது இறங்கித் தட்டைத் தொட்டிருந்தது. தை மாதம் அவர் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, வீட்டில் அவர் மனைவி மட்டும் தனியாக இருந்தார். கத்திரி வெயில் நேரத்தில் ஒருநாள் போயிருந்தேன்.

“தம்பி, இதை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. குட்டை மரம் வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. என்னால மொட்டை மாடிக்கு ஏறவும் முடியல” என்றார் அண்ணி.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு இலை இல்லை. மண் செங்கல் மாதிரி இறுகி, தட்டின் ஓரத்தை விட்டு விலகியிருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் விட்டதும், ஓர விரிசல் வழியாக அப்படியே வெளியே ஓடிவிட்டது. ஒரு குண்டூசி வாங்கி அடிமரத்தில் லேசாகக் குத்தினேன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வெள்ளைப் பொட்டு, கடுகளவு, பால். ஆலமரத்தில் இது ஒரு வசதி. உயிர் இருக்கிறதா என்று கேட்டால் அதுவே பதில் சொல்லும்.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார், தோட்டக்காரன் இல்லை. ஆகவே முதலில் புத்தகங்களைத்தான் புரட்டினேன். மரத்துக்கு வைத்தியம் செய்வது இந்த நாட்டில் பழைய சாஸ்திரம். ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் இருந்த வராகமிகிரர் தம்முடைய பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். குளிர், காற்று, வெயில் இவற்றால் மரத்துக்கு நோய் வரும். இலை வெளிறும், துளிர் வராது, கிளை காயும், சாறு கசியும் என்று அறிகுறிகளை அடுக்குகிறார். சிகிச்சையில் முதல் வேலை கத்தி வைப்பது. கெட்ட பகுதியைச் சீவி எடுத்துவிட்டு, வாய்விளங்கம், நெய், சேறு மூன்றையும் குழைத்துப் பூசி, பால் கலந்த நீர் விடச் சொல்கிறார். அவருக்குப் பிறகு வந்த சுரபாலர் என்ற வைத்தியர் விருட்சாயுர்வேதம் என்று தனி நூலே எழுதினார். மனிதனுக்குச் சொல்வது போலவே மரத்துக்கும் வாதம், பித்தம், கபம் என்று பிரித்து வைத்தியம் சொல்வது அந்த நூல். அதன் சுவடி இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருந்தது. செகந்திராபாத்தில் உள்ள ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளை அதன் பிரதியைப் பெற்று, நளினி சாதலே என்ற அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1996-இல் வெளியிட்டது.

முதலில் கத்தி வை என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். அதைச் செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவைச் சேர்ந்த சிப்பூரில் உள்ள தாவரவியல் தோட்டம். 1787-இல் ராபர்ட் கைடு என்ற கம்பெனி அதிகாரி தொடங்கியது. அங்குள்ள ஆலமரத்துக்கு 250 வயதுக்குக் குறையாது. 1864-இலும் 1867-இலும் அடித்த பெரும் புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த காயத்தின் வழியே பூஞ்சை உள்ளே போயிற்று. நடுமரம் உள்ளுக்குள் மெல்ல மெல்ல உளுத்தது. சுற்றளவு 51 அடி! அப்பேர்ப்பட்ட அடிமரத்தை 1925-இல் முழுவதுமாக வெட்டி அகற்றிவிட்டார்கள். அகற்றாவிட்டால் அழுகல் மற்ற பாகத்துக்கும் பரவும் என்ற நிலை.

அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் மரம் தீர்ந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் விழுதுகள் ஒவ்வொன்றும் ஒரு மரமாகிக் கூரையைத் தாங்கிக்கொண்டன. இன்று அந்த ஆலமரம் நாலரை ஏக்கருக்கு மேல் பரவி நிற்கிறது. நடுவில் தாய்மரம் இருந்த இடம் வெறும் வெளி. மரத்தைச் சுற்றி 330 மீட்டருக்கு ஒரு சாலை போட்டார்கள். மரம் அதையும் தாண்டிப் போய்விட்டது.

நம் சென்னையில் அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் அதன் நிழலில் கூட்டங்கள் நடந்தன. 1989-இல் அடித்த காற்றில் அதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. அங்கேயும் அதே கதைதான். தாய் போய்விட்டது, விழுதுகள் நிற்கின்றன. மாமரத்துக்கோ புளியமரத்துக்கோ இந்தச் சலுகை இல்லை. ஆலுக்கு மட்டும் கடவுள் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணி கொடுத்த தட்டு ஆலுக்கும் இதையே செய்தேன். ஒரு பக்கத்துப் பெருங்கிளையில் எங்கே குத்தினாலும் பால் இல்லை. அதை ரம்பத்தால் அறுத்து எடுத்து, காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினேன். வாய்விளங்கமும் நெய்யும் என் வசம் இல்லை. ஓய்வூதியத்தில் நெய்யை மரத்துக்குப் பூசினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. கிளையை வளைக்க நண்பர் சுற்றிவைத்திருந்த செம்புக் கம்பி பட்டைக்குள் பதிந்திருந்தது. கம்பியைப் பிரித்தெடுக்கப் போனால் பட்டையும் சேர்ந்து வரும். அதனால் துண்டுதுண்டாக நறுக்கி எடுத்தேன். பிறகு தட்டை அப்படியே ஓர் அகன்ற பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். இறுகிய மண்ணிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அது நிற்கும் வரை காத்திருந்து எடுத்து, நிழலில் வைத்தேன். உரம் எதுவும் போடவில்லை. ஜன்னி கண்டவனுக்கு யாராவது பிரியாணி ஊட்டுவார்களா?

பத்து நாள் போனபின் மண்ணைப் பக்குவமாகக் கிளறிப் பார்த்தேன். நடுவில் சில வேர்கள் காய்ந்து, சில வேர்கள் கறுத்துக் கொழகொழத்திருந்தன. கெட்டதை மட்டும் நறுக்கிவிட்டு, செங்கல் பொடிசு, ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய தொழுஉரம் கலந்து புது மண் போட்டேன். தண்ணீர் தேங்கவும் கூடாது, உடனே ஓடிவிடவும் கூடாது. இதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. தட்டு மரங்கள் தண்ணீர் இல்லாமல் சாகின்றன; பயந்துபோய் அளவுக்கு மீறி ஊற்றுவதாலும் வேர் அழுகிச் சாகின்றன. விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும் ஊற்றவேண்டும்.

அதன்பின் காத்திருப்புதான். காத்திருந்த நாட்களில் எனக்குத் தைரியம் கொடுத்தது தெலங்கானாவில் உள்ள பில்லலமர்ரி. மகபூப்நகர் பக்கத்தில் மூன்று ஏக்கருக்கு விரிந்திருக்கும் ஆலமரம். வயது சுமார் 700 என்கிறார்கள். பார்க்க வருகிற ஜனங்கள் கிளைகளில் ஊஞ்சல் ஆடுவதும், பட்டையில் பெயர் செதுக்குவதுமாக இருந்தார்கள். கரையான் உள்ளே புகுந்து அரித்ததில் 2017 டிசம்பரில் ஒரு பெருங்கிளை முறிந்து விழுந்தது. மரத்தடிக்கு ஜனங்கள் வருவதை நிறுத்தினார்கள். மரத்தில் துளை போட்டுக் கரையான் மருந்தை ஊற்றினார்கள். ஊற்றிய வேகத்தில் மருந்து வெளியே வழிந்துவிட்டது. அப்போது ஒரு யோசனை தோன்றியது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில் மாதிரி, தண்ணீர் கலந்த குளோர்பைரிபாஸ் மருந்தைப் பாட்டில்களில் நிரப்பிக் கிளைகளில் தொங்கவிட்டு, ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கான பாட்டில்கள்! 2018 ஏப்ரலில் அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சாய்ந்த கிளைகளுக்கு முட்டுத் தூண் கட்டி, விழுதுகளைக் குழாய்க்குள் விட்டு மண்ணும் எருவும் நிரப்பினார்கள். ஊற்றியபோது ஏற்காத மருந்தைச் சொட்டாகக் கொடுத்தபோது மரம் ஏற்றுக்கொண்டது.

நாற்பதாவது நாள், அறுத்த கிளைக்குச் சற்றுக் கீழே, சிவந்த மூக்கு மாதிரி ஒரு குருத்து வந்தது. அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அவர் இருந்திருந்தா இன்னிக்குப் பாயசம் வைக்கச் சொல்லியிருப்பார்” என்றார்.

மரம் பிழைத்ததும் எனக்கு வேறு ஒரு கவலை தொற்றிக்கொண்டது. எனக்கு எழுபத்து மூன்று முடிந்துவிட்டது. ஆல் இன்னும் நூறு வருஷம் இருக்கக்கூடியது. எனக்குப் பிறகு?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் ஹிரோஷிமா மரத்தின் கதை முழுதாகப் புரிந்தது. யமாகி என்ற குடும்பம் ஹிரோஷிமாவில் தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்தது. அவர்களிடம் ஒரு வெள்ளைப் பைன் மரம். 1625 முதல் தட்டில் வளர்ந்து வருவது. அதாவது நம் மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த காலத்தை ஒட்டி அந்த மரத்துக்கு முதல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அணுகுண்டு விழுந்தபோது அது யமாகி வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. குண்டு வெடித்த இடத்துக்கும் வீட்டுக்கும் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் சிதறின. வீட்டில் இருந்தவர்களுக்குச் சிறு காயங்கள். தோட்டத்தின் உயரமான சுற்றுச்சுவர் மரங்களைக் காப்பாற்றியது.

1976-இல் அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாவது ஆண்டு விழா. ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசாக அனுப்பியது. அவற்றில் ஒன்று இந்தப் பைன். கொடுத்தவர் மசாரு யமாகி. குண்டு போட்ட நாட்டுக்கு, குண்டுக்குத் தப்பிய மரத்தைக் கொடுத்தார். கொடுத்தபோது அந்தக் கதையை அவர் சொல்லவில்லை. வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் இருபத்தைந்து வருஷம் அது மற்ற மரங்களோடு ஒன்றாக இருந்தது. 2001 மார்ச் 8-ஆம் தேதி யமாகியின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், தாத்தா கொடுத்த மரத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்து நின்றார்கள். அவர்கள் சொல்லித்தான், தாங்கள் தினம் தண்ணீர் ஊற்றுகிற மரம் என்னவென்று அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது.

யமாகி ஏன் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. உயிரோடு இருக்கும்போதே, மரம் நல்ல நிலையில் இருக்கும்போதே, நம்பிக்கையான இடத்தில் கொடுத்தார். நானூறு வருஷம் அது வாழ்ந்ததற்கு மருந்தைவிட இதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அடுத்தவர் கையில் சொம்பைக் கொடுத்திருக்கிறார். என் நண்பருக்கு அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவர் என்ன மண் போட்டார், எந்த மாதம் வேர் வெட்டினார், எந்த இடத்தில் எவ்வளவு வெயில் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. நாற்பது நாள் தடவித் தடவி நான் கண்டுபிடித்ததை அவர் நாலு வரியில் எழுதி வைத்திருந்தால் போதும்.

ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் நண்பர் பெயர், சுவரில் இருந்து எடுத்த கதை, அண்ணி சொன்ன விவரங்கள். அடுத்த பக்கங்களில் தண்ணீர், மண், வெயில், மருந்து. பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி, நான் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகும் நாட்களில் வந்து தண்ணீர் விடுகிறாள். விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதில் இப்போது அவளுக்கு என்னைவிட நிதானம். இந்த மரம் அவளுக்குத்தான் என்று அவள் அப்பா, அம்மா முன்னிலையில் சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி, கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் தொட்டியோ தட்டோ கட்டாயம் இருக்கும். போன்சாய்தான் என்றில்லை, மாடியில் இருக்கும் கறிவேப்பிலையாகவும் துளசியாகவும் இருக்கலாம். நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுகிறோம். இதற்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர், எப்போது உரம், பூச்சி வந்தால் என்ன செய்வது, உங்களுக்குப் பிறகு யார். எழுதியதை அவர்களிடம் இப்போதே ஒருமுறை படித்துக் காட்டி, சொம்பைக் கையில் கொடுத்து, எதிரில் நின்று ஊற்றச் சொல்லிப் பாருங்கள்.